வாலுவுக்கு நான் தேர்ந்தெடுத்த கிட்டார்

மலிவு விலையில் செமி-ஹாலோ கிட்டார் வாங்க வருபவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. அடர்சிவப்பில் பளபளவென்று ஒன்று சுவரில் தொங்கினால் யாருக்குத்தான் கண் போகாது? நிறம் பிடித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பார் எங்கள் முதலாளி. நான் அப்படி விற்பவன் இல்லை. வாங்கிப் போனவர் அடுத்த வாரமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது, எனக்கு அது முக்கியம்.

செமி-ஹாலோ என்பது முழுக்கக் கட்டையும் இல்லை, முழுக்கப் பொந்தும் இல்லை. உடம்பின் நடுவே ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் காலியாக இருக்கும். மேலே எஃப் எழுத்து மாதிரி இரண்டு ஓட்டைகள். அந்தக் காலி இடத்தால் சத்தத்தில் கொஞ்சம் மூச்சு சேரும். விலை குறைந்த ரகங்களில் நடுக்கட்டையில் கை வைத்துவிடுவார்கள், ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே ஊளையிடும். அதனால் தட்டிப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் வேண்டாம். ஒயரைச் சரிசெய்ய அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், ரிப்பேர்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் சும்மா ஒரு தடவை மீட்டிவிட்டு, அதையே கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி இன்னொரு தடவை மீட்டுங்கள். அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கம்பி உட்காரும் பிரிட்ஜில் கோளாறு. இந்தச் சோதனையைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லித் தருவேன். என் அண்ணன் மகளுக்கு மட்டும் சொல்லவில்லை.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற பிள்ளை. ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நடக்கத் தெரிந்த வயதிலேயே லிஃப்ட் நிற்கும்போது அடிக்கும் மணியைப் பாடிக் காட்டுவாள், அதே சுருதியில். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வருவது யார் என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். "என் காது அவளுக்கு வந்திருக்கு" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் என்னைத் தேடிக் கடைக்கு வந்தது ஒரு மத்தியான வேளையில்.

"சித்தப்பா, எனக்கு முழுக் கட்டையும் வேணாம், முழுப் பொந்தும் வேணாம். நடுவுல ஒண்ணு இருக்கே, அது வேணும். ஆனா விலை கம்மியா இருக்கணும்."

"ஏன், உங்கப்பாகிட்ட இல்லாத காசா?"

"கண்டிஷன் போட்டுட்டாரு. மலிவானதுல வாசிச்சு மியூசிக் காலேஜ்ல இடம் வாங்கிக் காட்டு, அப்புறம் நல்லது வாங்கித் தரேங்கிறாரு. எதுன்னு சித்தப்பாவே பார்த்துச் சொல்லுங்க. உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

கடைசியில் சொன்னாளே, அந்த வார்த்தையை அவள் அப்பா வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று அவர் பெரிய மியூசிக் அரேஞ்சர். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் மாஸ்டர். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே குழுவில் கிட்டார் வாசித்தோம். குழுவில் ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் தொடக் கூடாது, சொந்தத் தம்பியாக இருந்தாலும். அண்ணன் அந்தச் சட்டத்தை வீட்டிலும் விடவில்லை. பெற்ற மகளின் கிட்டாரைக்கூடத் தொட மாட்டார், அவருடையது இருக்கும் அறைக்குப் பூட்டு.

எங்கள் குழுவின் முதல் ஒலிப்பதிவுக்கு என் மாமனாரைப் பெருமையாக அழைத்துப் போயிருந்தேன். கல்யாணமான புதிது. மருமகன் வெறும் ஆள் இல்லை என்று காட்ட வேண்டாமா? என் பகுதி வந்தது, வாசித்தேன். நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி வாசித்தேன். மறுபடியும் நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன் மைக்கை அணைக்காமலே பேசினார். "தம்பி, கிட்டாரைக் கீழே வை. உனக்குக் காது இல்லடா. நான் எவ்வளவு நாளைக்குத்தான் சமாளிக்கிறது?" அறை முழுக்க அது ஸ்பீக்கரில் கேட்டது. டிரம்ஸ்காரன் சிரித்ததும் கேட்டது. என் பகுதியை இன்னொருவன் வந்து ஒரே தடவையில் வாசித்துவிட்டுப் போனான். அதன்பிறகு என் மாமனார் சாகும்வரை, சாப்பாட்டு மேசையில் உப்பை எடுக்கச் சொல்வதானாலும் "மாப்பிள்ளை, கேக்குதா?" என்று கத்தித்தான் சொல்வார். வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

இந்தக் கடை வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். செருப்பால் அடித்துவிட்டுச் செருப்பையும் பரிசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பொறுத்துக்கொண்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் பொறுக்கவில்லை, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாலுவுக்கு நல்ல கிட்டாரைத்தான் தேர்ந்தெடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது. தேன் நிறம். நடுக்கட்டை உறுதி. கழுத்து நேர். குமிழில் ஒரு கரகரப்பு கிடையாது. அந்த விலைக்கு அதைவிட நல்லது எங்கேயும் கிடைக்காது. "நாளைக்கு வந்து எடுத்துக்கோ கண்ணு, சித்தப்பா செட் பண்ணி வைக்கிறேன்" என்றேன். அவளுடைய பழைய சாதாரண கிட்டாரை மாற்றுக்கு எடுத்துக்கொண்டு விலையில் கழித்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் வேறு கிட்டார் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு உண்டு. அதன் திருகைத் திருப்பினால் கம்பியின் நீளம் ஒரு மயிரிழை மாறும். கம்பியைச் சும்மா மீட்டும்போது சுருதி சேர்த்துக்கொள்ளலாம், ஒன்றும் தெரியாது. விரல் கழுத்தில் மேலே ஏற ஏறச் சுரம் மெல்ல விலகும். அளவாகச் செய்தேன். அதிகம் போனால் எவனும் கண்டுபிடித்துவிடுவான். சுமாரான காதுக்காரனிடம் கொடுத்தால் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருப்பான். மிக நல்ல காது இருந்தால் மட்டும்தான் அது உறுத்தும். அண்ணனே ஊர் முழுக்கச் சொன்னதுதானே, அவளுக்கு அவர் காது என்று.

சில நாளிலேயே வந்தாள். "சித்தப்பா, கீழ வாசிச்சா நல்லா இருக்கு. மேல போனா புளிச்சுப்போன மாதிரி கேக்குது."

சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி ஒவ்வொரு கம்பியாகச் சும்மா மீட்டிக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. "பாரு, கிட்டார் சரியாத்தான் இருக்கு. நீதான் ரொம்ப அழுத்தறே போலிருக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மறுபடி வந்தபோது விரல் நுனிகள் கன்றிப்போயிருந்தன. மெல்ல அழுத்தியும் பார்த்திருக்கிறாள், பலமாக அழுத்தியும் பார்த்திருக்கிறாள். அன்று நான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

எங்கள் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. அது பரம்பரையாக வரும் என்று அண்ணனுக்கு ஒரு பயம் உண்டு, வருஷம் தவறாமல் பரிசோதனைக்குப் போவார். அந்தப் பயம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்: "தாத்தாவுக்கும் மொதல்ல இப்படித்தான், மேல் சுரமெல்லாம் மாறிக் கேக்குதுன்னாரு. சும்மா சொன்னேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. அப்பாகிட்டயும் சொல்லாதே, பாவம், பயந்துடுவாரு."

அவள் சொல்லவில்லை. அப்பா வீட்டில் இருக்கும்போது வாசிப்பதையும் விட்டுவிட்டாள். நல்ல பிள்ளை.

காலேஜ் தேர்வுக்கு அவளோடு நான்தான் போனேன், அண்ணனுக்கு ரெக்கார்டிங். வெளியே பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே தேர்வு நடத்திய அம்மாள் எரிச்சலே இல்லாமல் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது. "கை நல்லா ஓடுதும்மா. ஆனா சுருதி விலகுதே, உனக்கே கேக்கலையா?" வெளியே வந்தபோது வாலுவின் முகம், ஸ்டுடியோவில் கிட்டாரைக் கீழே வைத்தபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது. என் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்தது. மறைப்பானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. திரும்பும் வழியில் அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அண்ணி ஃபோனில் அழுதுகொண்டே சொல்லித்தான் தெரியும். காது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். காதில் ஒரு குறையும் இல்லை என்றார். அது இன்னும் மோசமாகிவிட்டது. காதில் குறை இல்லையென்றால் வேறெங்கோ குறை என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். "இப்ப பெல் அடிச்சுதாம்மா?" என்று கேட்பாளாம், அடித்து ஓயும் முன்பே. தெருவைக் கடக்கும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வர்ற சத்தம் நிஜமாவே கேக்குதா?" என்பாளாம். யாராவது பேசினால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறாள், நாள் முழுக்க. நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை. ஒரு கடுமையான வார்த்தை சொன்னதில்லை. அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் மகளாகப் பிறந்தது என் குற்றமா?

கண்டுபிடித்தது அண்ணன்தான். கிட்டாரைப் பெட்டியில் எடுத்து வைக்கப் போனவர், சட்டத்தை மீறி விரலை மேலே வைத்து ஒரு தடவை மீட்டியிருக்கிறார். அடுத்த அரைமணியில் கடையில் இருந்தார், கையில் அதே கிட்டார்.

"இதை செட் பண்ணினது யாரு?"

"நான்தான்."

இத்தனை வருஷமாக நான் காத்திருந்தது அந்த நிமிஷத்துக்குத்தான். சட்டையைப் பிடிப்பார், அறைவார், ஏன்டா என்று கேட்பார், ஸ்டுடியோவில் நடந்ததைச் சொல்லிக்காட்டலாம் என்று வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் தோளில் கை போட்டார். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுடா. உன்மேல தப்பில்ல. உனக்கு அது கேட்டிருக்காது. நான்தான் ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மேசையிலேயே உட்கார்ந்து, என் திருப்புளியை எடுத்து, ஒரு கருவியும் இல்லாமல் சரிசெய்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் வாலுவுக்கு வாசித்துக் காட்டினாராம். "இப்ப கேளு, இப்ப சரியாயிடுச்சு பாரு" என்று கெஞ்சினாராம். அவள், "எனக்குத் தெரியலப்பா. நீங்க சரின்னா சரி" என்றிருக்கிறாள். மறுபடி அதைத் தொடவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மகள் உட்கார்ந்துபோய்விட்டாள், மனிதர் இடிந்துபோய்விட்டார், எல்லாம் நான் நினைத்தபடியே. ஆனால் செய்தது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. பழிவாங்கியது தெரியாமலே பழி முடிந்துபோனால் அது என்ன பழி? வேண்டுமென்றே செய்தேன் என்று வீட்டுக்கே போய்ச் சொன்னேன். திருகுகளை எப்படித் திருப்பினேன், பழைய கிட்டாரை ஏன் எடுத்துக்கொண்டேன், தாத்தா கதையை ஏன் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"குற்ற உணர்ச்சியில உளறாதடா. அந்த அளவுக்கு நுணுக்கமா கெடுக்கணும்னாகூட காது வேணும்."

அண்ணி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அவர் நம்பாததால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது சரியாக மனசில் குறித்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு இல்லை, கை தவறவில்லை, தெரியாமல் நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்வைத் தெரிந்தே குலைத்தேன். ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி, ட்யூனரில் முள் எவ்வளவு விலகுகிறது என்று என் இரண்டு கண்ணாலும் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கம்பிக்குப் போனேன். காது இல்லாதவனா இதைச் செய்வான்?