கடூனாப் பாலத்தின் தெற்குக் கரை

மதில் உயரம். செறினுக்குப் பதினொரு வயது, எட்டாது. இடுப்பில் பிடித்துத் தூக்குகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கைகள் நீள்கின்றன. அடுத்த வீட்டு ரக்கியாவின் கைகள். என் மகளை வாங்கிக்கொள்கின்றன.

எனக்குப் பின்னால் கண்ணாடி உடைகிறது. எங்கள் முன் யன்னல். பிறகு கூரைத் தகரத்தில் கற்கள். பிறகு வேறொரு சத்தம். யாரோ பெருமூச்சை உள்ளே இழுப்பது போல. பெற்றோல் பற்றும் சத்தம். நான் இரசாயனம் படிப்பிக்கிறவள். எனக்கு அது தெரியும்.

"கெதியா ஏறுங்கோ அம்மா!" செறின் அப்பாலிருந்து கத்துகிறாள்.

ஏறினேன். மதிலின் மேல் பதித்திருந்த போத்தல் ஓடுகள் உள்ளங்கையைக் கிழித்தன. அப்போது வலிக்கவில்லை.

1992, மே மாதம். திங்கட்கிழமை காலை. நைஜீரியாவின் வடக்கே, கடூனா. ஒரு மாநிலத்தின் தலைநகர். நான் இதை எழுதுவது லண்டன், மனோர் பார்க்கில், என் தம்பி வீட்டு மேல் அறையிலிருந்து. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். முன்னரே எழுதியிருக்கலாம். முழுவதும் தெரிய அவ்வளவு காலம் பிடித்தது.

கடூனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே பழைய நகரங்கள் உண்டு. அவற்றுக்கு மண் மதிலும் அரண்மனையும் உண்டு. கடூனாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆளுவதற்கு ஒரு தலைநகர் வேண்டுமென்று வெள்ளைக்காரன் ஆற்றங்கரையில் கோடு போட்டு உண்டாக்கிய ஊர். நேரான வீதிகள். இரு கரையும் வேம்பு. வெள்ளைக்காரன் போன பிறகு துணி ஆலைகள் வந்தன. ஆலைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஹவுசாக்கள், இக்போக்கள், யொருபாக்கள், மாநிலத்தின் தெற்கே மலையடிவாரச் சிற்றூர்களின் சனங்கள். லெபனான் கடைக்காரர். எங்களைப் போன்ற இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள். மாலையில் ஆலைச் சங்கு ஊதினால் சைக்கிள்கள் பாலத்தை மூடிவிடும். எல்லாரும் ஒரே நெரிசலில் வீட்டுக்குப் போவார்கள்.

1981இல் நானும் என் கணவர் அருளப்புவும் மன்னாரிலிருந்து வந்தோம். எனக்குப் பெண்கள் பள்ளியில் வேலை. அவருக்கு மாநில அரசின் நில அளவைக் கந்தோரில். அப்போது ஆற்றின் தெற்குக் கரையில் பெரும்பகுதி சோளக்காடு. அவர் போய்க் கல் நடுவார். அடுத்த மழைக்கு முன் அந்தக் கல்லைச் சுற்றிச் சுவர் எழும்பிவிடும். தகரக் கூரை, தண்ணீர்க் குழாய், தேவாலயம், பள்ளிவாசல், சாராயக் கடை. அளந்து முடிக்க முன்னரே நகரம் அவரைத் தாண்டி ஓடியது. தெற்கே குடியேறியவர்கள் அநேகமாகக் கிறிஸ்தவர்கள். வடக்கே தங்கியவர்கள் அநேகமாக முஸ்லிம்கள். யாரும் சட்டம் போடவில்லை. சொந்தக்காரர் இருந்த பக்கம் சொந்தக்காரர் போனார்கள். நடுவில் ஆறு. அதன் மேல் பாலம்.

அருளப்புவுக்கு அந்த ஊரில் பெரிய பிடிப்பு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்:

"இஞ்ச ஒருத்தரும் ஊர்க்காரர் இல்லை, யசிந்தா. எல்லாரும் வந்தவை. அதால எங்களைப் போ எண்டு ஆரும் சொல்லேலாது."

1983 யூலை. கொழும்பு எரிகிறது என்று வானொலி சொல்லியது. நாங்கள் கடூனாவில் அந்தப் பெட்டியின் முன் முழங்காலில் இருந்தோம். கொழும்பில் என் தம்பியை வெள்ளவத்தைச் சந்தியில் மறித்தார்கள். தமிழனோ என்று பார்க்க, வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார்கள். அவன் சரியாகச் சொன்னான். உயிரோடு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தான். நாங்கள் தப்பியவர்கள் என்று நினைத்தோம். முன்கூட்டியே தப்பிய கெட்டிக்காரர்கள்.

அந்த மே மாதம் தெற்கே ஒரு சிற்றூரில், ஒன்று கிறிஸ்தவம் மற்றது முஸ்லிம் என்றிருந்த இரண்டு இனங்களுக்கிடையில் பழைய பகை வெடித்தது. காயப்பட்டவர்களையும் செத்தவர்களையும் லொறிகளில் கடூனாவுக்கு ஏற்றி வந்தார்கள். பார்த்தவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு கரையில் ஒரு கூட்டம் கொன்றது. மறு கரையில் மற்றக் கூட்டம் கொன்றது. எது முதல் என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. நான் கண்டதையும், கண்டவர்கள் என்னிடம் சொன்னதையும் மட்டும் சொல்கிறேன்.

அன்று அருளப்பு வெள்ளெனவே தெற்குக் கரைக்கு வேலைக்குப் போயிருந்தார். கந்தோர் ஜீப்பில். சாரதி இத்ரிஸ். அளவைச் சங்கிலி பிடிக்கும் ஜேம்ஸ். ஊர் அப்போது அமைதி.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீடு முஸ்லிம்கள் மிகுந்த வடக்குக் கரையில். ரக்கியாவின் கணவர் மாலம் யூனுஸா வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். மாலம் என்றால் ஹவுசாவில் ஆசிரியர். மெலிந்த மனிதர். சத்தமாய்ப் பேசமாட்டார். அன்று அவர்தான் மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். வாசலால் வர வேண்டாம் என்றார்.

உள்ளே பெண்களின் அறை. ரக்கியா தன் உடுப்புகளை எங்களுக்குப் போர்த்தினாள். தலையை மூடினாள். என் கையைத் துணியால் கட்டினாள். கதவு இடுக்கால் வீதி தெரிந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

எதிர் வீட்டு இமானுவேல் வீதியில் கிடக்கிறார். வானொலி திருத்துபவர். 1983இல் எங்கள் பெட்டியைத் திருத்தித் தந்தவர். எழும்ப முயற்சிக்கிறார். ஒருவன் கத்தியால் முழங்காலில் வெட்டுகிறான். விறகு கொத்துகிற அதே சத்தம். இன்னொருவன் டயரைக் கொண்டுவருகிறான். இமானுவேல் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். அவருடைய மனைவியின் பெயர் அதுவல்ல. தாயின் பெயராய் இருக்கலாம்.

பிறகு யூனுஸாவின் கதவைத் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டு வெளிநாட்டுக்காரி எங்கே என்று கேட்டார்கள். ஓடிவிட்டாள் என்றார். உள்ளே யார் என்றார்கள். மனைவி, மைதுகுரியிலிருந்து வந்திருக்கும் மனைவியின் உறவுக்காரர்கள் என்றார். அந்தப் பக்கத்தில் ஷுவா என்ற அரபு இனத்தவர் இருக்கிறார்கள். எங்களைப் போல நீட்டு மயிர், எங்களைப் போல முகவெட்டு. பெண்கள் இருக்கும் அறைக்குள் அந்நியர் நுழைவதில்லை. ஆனாலும் ஒருவன் விடவில்லை. அவள் வாயைத் திறந்து பேசட்டும் என்றான். கதவுச் சீலையைக் கத்தி நுனியால் விலக்கினான். இருபது வயது இருக்கும். சட்டையில் இரத்தம்.

என் ஹவுசா சந்தை ஹவுசா. தக்காளி வாங்கப் போதும். உயிரை மீட்கப் போதாது.

செறின் பேசினாள்.

அவள் அந்தத் தெருவில் வளர்ந்தவள். பேசியதோடு நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் யூனுஸாவின் மாணவர்கள் மதிலுக்கு அப்பால் பாடமாக்கிய அதே வசனங்கள். முதல் அத்தியாயம். பிழையில்லாமல். ஓதி முடியும்வரை அந்தப் பொடியன் கத்தியைத் தாழ்த்திப் பிடித்திருந்தான். முடிந்ததும் அவனும் ஆமீன் என்றான். போய்விட்டான்.

ரக்கியா செறினின் வாயைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் பிள்ளை அழுதது. சத்தம் வெளியே போகவில்லை.

அடுத்த நாள் இராணுவ லொறி வந்தது. வெளிநாட்டவர்களை இராணுவப் பாளையத்துக்கு ஏற்றினார்கள். யூனுஸா லொறிவரை கூட வந்தார். என் கணவரை அவர் எப்போதும் எஞ்சினியர் என்றுதான் சொல்வார். எஞ்சினியரைத் தேடிப் பார்க்கிறேன் என்றார். நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். நன்றி சொல்லவும் நேரமில்லை. லொறி புறப்பட்டது.

பாளையத்தில், தஞ்சம் புகுந்த சனத்துக்குள் ஜேம்ஸைக் கண்டேன். தலையில் கட்டு. என்னைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டான். அவன் சொன்னது இது.

கலவரம் என்று கேள்விப்பட்டு வேலையை விட்டுத் திரும்பினார்கள். பாலத்தின் தெற்கு முனையில் டயர்கள் எரிந்தன. மறித்தவர்கள் கிறிஸ்தவப் பொடியன்கள். சாரதியின் தொப்பியைப் பார்த்தார்கள். இத்ரிஸை இறக்கினார்கள். அருளப்பு தன் கழுத்துச் செபமாலையைத் தூக்கிக் காட்டினார். நானும் கத்தோலிக்கன், இவர் என்னுடைய ஆள், விடுங்கள் என்றார். செபமாலையைக் கண்டதும் அவரைப் போகச் சொன்னார்கள். ஜேம்ஸையும் போகச் சொன்னார்கள். இருவரும் நடந்தார்கள். பின்னால் இத்ரிஸ் அலறினார். ஜேம்ஸ் ஓடினான். அருளப்பு திரும்பினார்.

திரும்பிப் போய் இத்ரிஸின் மேல் விழுந்து மூடிக்கொண்டாராம். இரண்டு பேரையும் சேர்த்து அடித்தார்கள். இரும்புக் கம்பியால். ஜேம்ஸ் தூரத்திலிருந்து பார்த்தான். இருவரும் அசையாமல் போகும்வரை பார்த்தான். பிறகு அவன் மேலும் கல் விழுந்தது.

உடலைத் தேட விடவில்லை. ஊரடங்கு. கந்தோரிலிருந்து வந்த ஒருவர், எல்லாரையும் மொத்தமாகக் குழி வெட்டித் தாட்டுவிட்டார்கள் என்றார். எங்களை லாகோசுக்கு அனுப்பினார்கள். மன்னாருக்குப் போக முடியாது. அங்கேயும் சண்டை. தம்பி லண்டனுக்குக் கூப்பிட்டான்.

லண்டனில் ஒரு அதிகாரி விசாரித்தார். நான் கடூனாவைச் சொல்லத் தொடங்கினேன். அவர் நிறுத்தினார். நீங்கள் இலங்கைப் பிரசை, இலங்கையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இருக்க விட்டார்கள். ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது. எங்கள் சனத்திடம் சொன்னபோதும் அதே கதைதான். இரக்கப்பட்டார்கள். பிறகு, "அது எங்கட சண்டை இல்லைத்தானே" என்றார்கள். யாழ்ப்பாணத்தில் செத்தவர்களுக்கு நினைவுக் கூட்டங்களில் விளக்கு இருந்தது. அருளப்புவுக்கு எந்த மண்டபத்திலும் இடம் இல்லை. செறின் ஹவுசாவில் ஒரு சொல்லும் பிறகு பேசவில்லை.

யூனுஸாவுக்குக் கடிதம் போட்டேன். பல தடவை. பதில் இல்லை.

எங்கள் கோவில் பங்குக்கு நைஜீரியக் குருவானவர் ஒருவர் வந்தார். பாதர் தோமஸ். கடூனாப் பக்கத்து ஆள். போன வருடம் லீவில் ஊருக்குப் போனார். அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். போனார். திரும்பி வந்து எங்கள் குசினியில் இருந்தார். தம்பி கொடுத்த தேத்தண்ணி ஆறியது. அவர் தொடவில்லை.

அவர் சொன்னார். யூனுஸா என் கணவரைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பிணவறையில், குவியலுக்குள். மொத்தக் குழிக்குப் போக இருந்த உடல். செபமாலை அடையாளம். தன் மைத்துனனின் உடல் என்று கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறார். ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் ஒரு தள்ளுவண்டி பிடித்தார். பாலத்தைத் தாண்டித் தெற்குக் கரைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் கத்தோலிக்கச் சேமக்காலை, கல்லறைத் தோட்டம். ஒரு உபதேசியாரைத் தேடிப் பிடித்தார். உபதேசியார் செபம் சொன்னார். யூனுஸா குழிக்கு மண் இழுத்தார்.

பின்னேரமாகிவிட்டது. உபதேசியார் தன் வீட்டில் தங்கச் சொன்னார். ரக்கியா தனிய இருக்கிறாள் என்று யூனுஸா மறுத்துவிட்டார். பாலத்துக்குச் சற்று முன் கிறிஸ்தவப் பொடியன்கள் அவரை மறித்தார்கள். நீள அங்கி, தொப்பி. எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார்களாம். ஒரு கிறிஸ்தவரை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றாராம். அவர்கள் சிரித்தார்கள். உபதேசியார் வேண்டாம் என்று கூவியபடி ஓடி வந்தார். அதற்குள் தலையில் வெட்டிவிட்டார்கள். உடலை ஆற்றில் போட்டார்கள். கிடைக்கவில்லை.

பாதர் தோமஸ் ரக்கியாவையும் தேடிக் கண்டிருக்கிறார். சந்தையில் நிலக்கடலை எண்ணெய் விற்கிறாள். என் கடிதங்கள் அவளுக்குக் கிடைக்கவில்லை. தெருவை விட்டு எப்போதோ போய்விட்டாள். எனக்குச் சொல்லச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்:

"அவளிடம் எனக்குக் கோபமில்லை. அவர் தானாகவே போனார்."

நான் எழும்பி முகம் கழுவினேன். நெடுநேரம் குழாயை மூடவில்லை. செறின் வந்து மூடினாள். அவளுக்கு அப்போது பதினாறு. "ஆர் அம்மா செத்தது, மாலமோ?" என்றாள். ஓம் என்றேன். அவள் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பரில் மரித்தவர்களின் நாள். தமிழ்ப் பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கோவில் வாசலில் ஒரு அக்கா எழுதிக்கொண்டிருந்தா. அருளப்பு என்றேன். எழுதினா. யூனுஸா என்றேன். பேனை நின்றது.

"இது ஆர்? எங்கட ஆளோ?"

"ஓம் அக்கா. எங்கட ஆள்."

என் முகத்தைப் பார்த்தா. பிறகு எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினா. பூசையில் வாசித்தார்கள். பிழையாய்த்தான் உச்சரித்தார்கள். வாசித்தார்கள்.

கணக்கு இது.

அருளப்பு. என் கணவர். தெற்குக் கரையில் கிடக்கிறார். அவர் அளந்த மண்.

இத்ரிஸ். சாரதி. குடும்பம் எங்கே என்று பாதரால் அறிய முடியவில்லை.

இமானுவேல். அவருடைய கடையும். கடைக்குள் திருத்தக் கொடுத்திருந்த மற்றவர்களின் பெட்டிகளும்.

மாலம் யூனுஸா. கல்லறை இல்லை.

வீடு ஒன்று. பதினொரு வருடம். மன்னாரில் எடுத்த கலியாணப் படம். அருளப்புவின் முகம் இப்போது என்னிடம் கடவுச்சீட்டு அளவில் மட்டும் உண்டு.

நகரம் அழியவில்லை. பெருத்திருக்கிறது. ஆலைகளில் சில மூடிவிட்டன. ஆட்கள் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார்கள். வடகரையார் தென்கரையில் இரவு தங்குவது குறைவு என்கிறார் பாதர். தென்கரையாரும் அப்படித்தான்.

இறந்தவர்களில் நால்வரை எழுதியிருக்கிறேன். அது எனக்குப் பெயர் தெரிந்தவர்களின் கணக்கு மட்டும்.