கயிறு பிடித்தவருக்குப் பங்கு உண்டு

இந்த இளைஞர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பொன்னுதாஸ் அவர்களே, அருளுரையையும் அறிவுரையையும் அளவறிந்து வழங்கும் சபை மூப்பர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, வாசல் பக்கம் வசதியாக இடம் பிடித்திருக்கும் வாலிபத் தங்கங்களே, உங்கள் அதியன்னூருக்கு அலையடிக்கும் குளத்தூர்க் கரையிலிருந்து வந்திருக்கும் இந்த ஜெம்மாவின் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான். கரமடி வலை வைத்திருக்கும் ததேயூஸின் தங்கை. இயற்கையைக் காக்க இளைஞர்கள் முன்வர வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்தீர்கள். முன்வர வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் மாதம் தவறாமல் எங்கள் கடற்கரைக்கு வருகிறீர்களே. எந்தக் கிழமை வருகிறீர்கள் என்பதில்தான் என் வழக்கு இருக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடித்து, வேன் பிடித்து, தொப்பி போட்டு, கையுறை மாட்டி வருகிறீர்கள். மணலைக் கூட்டினீர்கள், மகிழ்ச்சி. மிட்டாய்த் தாளைப் பொறுக்கினீர்கள், மிக்க மகிழ்ச்சி. வரிசையாக நின்று படம் எடுத்தீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். வலை இறங்காத நாளில் வந்தால், வலையில் ஏறும் குப்பையை எங்கே காண்பீர்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையை, இரு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றால் கரைக்கு இழுப்பதுதான் கரமடி. கயிறு பிடித்தவர் யாரானாலும் மீனில் பங்கு உண்டு. ஆழ்கடல் போக முடியாத முதியவருக்குப் பங்கு உண்டு. கணவனைக் கடலுக்குக் கொடுத்த கைம்பெண்ணுக்குப் பங்கு உண்டு. சாதி கேட்காது, சபை கேட்காது, சர்டிபிகேட் கேட்காது அந்தக் கயிறு.

அந்த வலைக்குத்தான் இன்று ஆபத்து. மீனுக்கு விரித்த வலையின் மடியில் பாட்டிலும் பையும் பழைய செருப்பும் நிறைகின்றன. பாரம் தாங்காமல் மடி கிழிகிறது. தைத்தால், தைத்ததற்குப் பக்கத்தில் கிழிகிறது. எங்கள் ஆட்களாவது ஒழுங்கா? மீனைப் பிரித்தெடுத்துவிட்டுக் குப்பையை அலையிலேயே தள்ளிவிடுவார்கள். கடல் தந்தது கடலுக்கே என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. மறுநாள் அதே செருப்பு மறுபடியும் வந்து நிற்கும். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உங்கள் முறையும் வருகிறது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. இந்தச் சபையின் பிள்ளைகள் ஜெஸ்னாவும் சஜனும், முந்தின ஞாயிறு கட்டிவைத்த மூட்டைகளை எடுத்துப்போக ஆட்டோவில் வந்தார்கள். கரையில் வலை இழுக்கிறார்கள், ஆள் போதவில்லை. அண்ணன் கூப்பிட்டார்: "எலே மக்கா, வேடிக்கை பாத்தது போதும். வந்து கயிறைப் பிடி."

பிடித்தார்கள். உள்ளங்கை சிவக்க இழுத்தார்கள். மடி கரையேறியது, பாதி மீனும் பாதி குப்பையுமாக. பங்கு வைக்கும்போது ஜெஸ்னா கேட்டாள்: "மாமா, எனக்கு மீன் வேண்டாம். அந்தக் குப்பையைத் தாருங்கோ, கடல்ல தள்ளாதீங்கோ."

"கயிறு பிடிச்சவளுக்குப் பங்கு உண்டு, இல்லேண்ணு சொல்லப்படாது. மீனையும் கொண்டு போ, குப்பையையும் கொண்டு போ" என்றார் அண்ணன்.

சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. நீலமும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் தோரணம். அதில் அச்சடித்த எழுத்து அழியவே இல்லை. உங்கள் சபைக் கன்வென்ஷனின் தோரணம் அது. பந்தல் பிரித்த அன்று ஊர் ஓடையான தோட்டில் எறிந்தது, தோடு நெய்யாற்றில் சேர்த்தது, ஆறு கடலோடு கலக்கும் பொழிமுகத்தில் சேர்த்தது, கடல் எங்கள் மடியில் சேர்த்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் யாரோ சொல்வது கேட்கிறது, "கமிட்டிக்காரங்களாக்கும்" என்று. தம்பி, யார் எறிந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் எறிந்தீர்கள், நாங்கள் தள்ளினோம். குற்றத்தில் பாதிப் பாதி என்றால் வேலையிலும் பாதிப் பாதி. அவ்வளவுதானே நியாயம்?

இனி நான் வந்த காரியம். அண்ணன் வலையை விற்க முடிவு செய்துவிட்டார். வருகிற சனிக்கிழமை, வாங்குகிறவர் வண்டியோடு வருகிறார். அந்தக் கயிற்றை நம்பி அடுப்பு மூட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. நேற்றுப் போய்க் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "ஜெம்மா, அந்தப் பிள்ளைக சனியாழ்ச்ச தோறும் வந்து குப்பையைக் கரையேத்தினா, வலை பிழைக்கும். வந்தா வண்டியைத் திருப்பி அனுப்புவேன். வரல்லேண்ணா வலை போகட்டு."

ஆகவே, காக்க வாருங்கள் என்று உங்களைக் கடலைக் காட்டி அழைக்கவில்லை, கயிற்றைக் காட்டி அழைக்கிறேன். சனிக்கிழமை வெயில் ஏறுமுன் வலை கரைக்கு வரும். வண்டி முந்துமா, நீங்கள் முந்துவீர்களா? கையுறையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், கயிறு வழுக்கும். தாய்மார்களே, பிள்ளை எழும்பவில்லையென்றால் ஒரு செம்புத் தண்ணீர் உங்கள் கையில் உண்டு.

பேச இடம் தந்த தலைவருக்கும், குற்றம் சொன்னபோதும் பொறுத்திருந்த பெரியவர்களுக்கும், அடுப்பை மறந்து கேட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாலிபர்களுக்கு மட்டும் இப்போது நன்றி இல்லை. அதைச் சனிக்கிழமை கரையில் வைத்துத் தருகிறேன், பங்கு மீனோடு சேர்த்து. வணக்கம்.