சுபலட்சுமி கலர்

முகத்துக்குப் பவுடர் போடுகிறவர்கள் பெரும்பாலும் கழுத்தை மறந்துவிடுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், சங்கிலி தொங்கும் இடம் வேறொரு நிறம். உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கல்யாணப் போட்டோ ஒன்று வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதிலும் அந்தத் தவறு இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. தொழில் பழக்கம், கண் தானாக அங்கே போகிறது.

என் பெயர் துளசிராம். செல்லூரில் வீடு. சினிமாவுக்கு மேக்கப் போடுகிறேன். மதுரையைச் சுற்றி எங்கே ஷூட்டிங் என்றாலும் மெட்ராஸ்காரர்கள் முதலில் எனக்குத்தான் போன் போடுவார்கள். சுபலட்சுமி என்ற பெண் என் கிரீமைத் தடவிச் செத்துப்போனாள் என்று அவள் அப்பா எழுதிக்கொடுத்திருக்கிறார். அது உண்மை. நேற்று நீங்கள் பரிவாகப் பேசினீர்கள். "தெரியாமக் குடுத்துட்டேன்னு சொல்லுங்க துளசிராம், எழுதிக்கிறேன். கேஸோட வேகம் கொறஞ்சிரும்" என்றீர்கள். நல்ல மனசு. ஆனால் எனக்குத் தெரியாத எதையும் நான் அடுத்தவர் தோலில் தடவக் கொடுப்பதில்லை. இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகு துளசிராம் தெரியாமல் செய்தான் என்று யாரும் எழுத வேண்டாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

கிராமத்துப் படம் என்று ஒன்று எடுக்கிறார்களே, அது எப்படி எடுக்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஊர் நம்முடையது. வயல் நம்முடையது. ஆடு, மாடு, கூட்டத்தில் நிற்கிற சனம் எல்லாம் நம்முடையது. கதாநாயகி மட்டும் பம்பாய். நாற்று நடுகிற பெண்ணாக வருவாள், சேற்றில் கால் வைக்கச் சொன்னால் மேனேஜரைக் கூப்பிடுவாள். குடை பிடிக்க ஓர் ஆள், விசிற ஓர் ஆள். அவள் முகத்தில் நான் கருப்பைப் பூசுவேன். அதுவும் அளவாக. கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் தயாரிப்பாளர் வந்து நிற்பார். "செவத்த பொண்ணத் தேடிப் புடிச்சுக் கொண்டாந்தது இப்படிக் கரியப் பூசவாய்யா?" என்பார். நிஜமாகவே நாற்று நடுகிற பெண்கள் பக்கத்து வரப்பில் நிற்பார்கள். "அந்தக் கருத்த பொம்பளைகளப் பின்னாடி தள்ளுங்கப்பா, ஃபிரேம் டல்லடிக்குது" என்று ஒரு பையன் கத்துவான். அவனும் கருப்புதான். அவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் போவார்கள். யாருக்கும் இதில் வருத்தம் இருந்ததாக நான் பார்த்ததில்லை. எனக்கும் இல்லை.

எனக்கு ஒரே மகள், பிருந்தா. எங்கள் சௌராஷ்டிர சனங்களுக்கு நிறம் கொஞ்சம் தூக்கல் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் மனைவி லலிதாம்பாள் அந்தப் பேச்சுக்குப் பொருத்தமானவள். மகள் என் கருப்பைக் கொண்டு பிறந்துவிட்டாள். நன்றாக ஆடுவாள். எந்த வசனத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்வாள். பள்ளிக்கூடம் முடித்ததும் நடிக்க ஆசைப்பட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்ச டைரக்டர் யார்கிட்டயாவது சொல்லுங்கப்பா" என்றாள். வீட்டு பாஷையில்தான் பேசினோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். "உன் நிறம் கேமராவுக்கு எடுபடாதும்மா. தினமும் பார்க்கிறவன் சொல்றேன்" என்றேன். அவள் அழவில்லை. சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். பிறகு பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் திண்டுக்கல்லில் மனைவியை இழந்த ஒருவருக்குக் கொடுத்தோம். பிருந்தா அதற்கும் தலையாட்டினாள். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற பெண்.

அதற்குப் பிறகுதான், போன வருடம், சிவனாண்டி வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், முதல் படம் எடுக்க வந்த டைரக்டர். தாடி, தோளில் ஒரு துணிப்பை. "மண்ணோட முகம் வேணும்ண்ணே. பம்பாய் முகத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கொமட்டுது" என்றார். இப்படிப் பேசுகிற நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பாட்டுக் காட்சி வந்ததும் சரியாகிவிடுவார்கள். ஆனால் இவர் தேடி அலைந்தார். ஒரு ஜவுளிக்கடை மாடியில் நைட்டி எடுத்துப்போடுகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே பட்டுச் சேலைப் பிரிவில் செவத்த பெண்களை நிறுத்துவார்கள், கருத்தவர்களுக்கு மாடி. எல்லாக் கடையிலும் அதுதான் ஏற்பாடு. அந்த மாடிப் பெண்தான் சுபலட்சுமி. வில்லாபுரத்தில் வீடு. அப்பா அழகுபாண்டிக்குக் காளவாசலில் பஞ்சர் கடை.

டெஸ்ட் ஷூட் எடுத்தார்கள். நான் மேக்கப் பெட்டியைத் திறந்தேன். "வேணாம்ண்ணே, இந்தப் பிள்ளைக்கு வேர்வை மட்டும் தொடச்சு விடுங்க" என்றார் சிவனாண்டி. துண்டும் கையுமாகச் சும்மா நின்றேன். அவள் கேமராவைப் பார்த்து ஒரு வசனம் பேசினாள். பிறகு சிரித்தாள். லைட் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள்தான் கதாநாயகி என்ற செய்தி ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது, படத்தோடு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த பிருந்தா அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். "இவ என்னைவிடக் கருப்புப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சண்டை போடவில்லை. அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டாள்.  எனக்குப் பயம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். இவள் நடித்துப் படம் ஓடிவிட்டால் மகளிடம் நான் சொன்னது பொய்யாகிவிடும் என்ற பயம்.

சுபலட்சுமியை நான் தேடிப் போகவில்லை. அவளேதான் வந்தாள், தன் அம்மா சோலையம்மாளைக் கூட்டிக்கொண்டு. "ஷூட்டிங் பொங்கலுக்கு அப்புறந்தானண்ணே. அதுக்குள்ள கொஞ்சம் நெறம் கூட ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

"டைரக்டரு இப்படியே இருன்னுதானம்மா சொல்லியிருக்காரு."

அவள் சிரித்தாள். "அவரு என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாருண்ணே. கருப்பா இருக்கவளப் போயி யாராச்சும் கருப்பா இருன்னு கேப்பாங்களா?"

"சொந்தக்காரக அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாகண்ணே. கதாநாயகின்னா ஒரு நெறம் வேணாமாங்கிறாக" என்றாள் சோலையம்மாள்.

பார்த்தீர்களா. ஒருவன் வாய் விட்டுச் சொல்லியும் நம்ப முடியவில்லை. உன்னை எடுத்ததே உன் நிறத்துக்காகத்தான் என்று நானாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நான் உள்ளே போய் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன். மெட்ராஸில் வாங்கியது, பெயர் ஒட்டாதது, நடிகைகள் ரகசியமாக வாங்குகிற சரக்கு. "டைரக்டருகிட்ட இப்ப மூச்சு விடாத. மொத நாளு பாத்து அசந்து போகட்டும்" என்றேன். இரண்டு பேரும் என் காலைத் தொட வந்தார்கள். வேண்டாம் என்று நகர்ந்துகொண்டேன்.

கிரீம் வேலை செய்தது. தீர்ந்ததும் வந்து அடுத்த டப்பா வாங்கிப்போனாள். மார்கழியில் ஒரு நாள் போன் செய்தாள். "அண்ணே, காலு வீங்குதுண்ணே. செருப்புப் போட முடியல. காலையில கண்ணும் தெறக்க முடியல, அம்புட்டு வீக்கம்."

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த வீக்கம் எனக்குப் புதிதல்ல. அந்த டப்பாவை நான் முதலில் வாங்கியது பிருந்தாவுக்காக, பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலத்தில். அவளுக்கும் கண்ணுக்குக் கீழே வீங்கியது, பிறகு கால். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் டப்பாவை வாங்கி ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னார். இதில் பாதரசம் இருக்கிறது, தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, இன்னும் தடவியிருந்தால் பெண் மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார். தெளிவாகப் பேசுகிற டாக்டர். அன்றோடு நிறுத்தினோம். வீக்கம் வடிந்தது, பிருந்தா பிழைத்தாள், பழைய நிறமும் வந்துவிட்டது. அடுத்த முறை மெட்ராஸ் போனபோது அதே கடையில் அதே டப்பாவை மறுபடி வாங்கி வைத்தேன். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டேதானே இருக்கிறார்கள்.

சுபலட்சுமியிடம் நான் சொன்னது இது: "பழைய தோலு போயி புதுத் தோலு வர்றப்ப நீர் கோக்கத்தாம்மா செய்யும். நிப்பாட்டிராத. காலையிலயும் ஒருதரம் தடவு."

"சரிண்ணே. உங்களுக்குத் தெரியாததா" என்றாள்.

ஷூட்டிங்கின் முதல் நாள் அவள் வேனிலிருந்து இறங்கியபோது சிவனாண்டிக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வெளுத்து, ஊதி, கன்னத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. "நெறம் கூடியிருக்குல்ல சார்?" என்று ஆசையாகக் கேட்டாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.  பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு அவளை வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். அவள் மேனேஜரிடம், "இன்னும் கொஞ்சம் வெளுக்கணுமாண்ணே? வெளுத்துட்டு வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வேனில் ஏறினாள்.

அந்த வாரமே மண்ணின் முகம் பம்பாயிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியது. தயாரிப்பாளர் அவசரப்படுத்தினார், சிவனாண்டிக்குக் குமட்டல் நின்றுவிட்டது. என் தோளில் கை போட்டு, "அண்ணே, அந்த சுபலட்சுமி கலர் எனக்கு வேணும். உங்களாலதான் முடியும்" என்றார். முடிந்தது. நெற்றியில் கொஞ்சம் மினுமினுப்பு, கண்ணோரம் சற்றே அடர்த்தி, கழுத்து வரை ஒரே சீர். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை. படம் ஓடுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் வாரம் தியேட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், "மாப்ள, அப்படியே நம்மூருப் பொண்ணுடா" என்று விசிலடித்தான். பம்பாய்க்காரியின் முகத்தில் நான் பூசியதற்கு விசில். அந்த நிறத்தோடு பிறந்தவள், வீட்டுக்குப் போயும் தடவுவதை நிறுத்தாமல், அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

படம் வந்த இரண்டாவது வாரத்தில் செத்துப்போனாள். கேதத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "போறப்ப நல்லா நெறமாத்தான் போயிருக்கா" என்று பேசிக்கொண்டார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. செத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கூட அவர்களுக்கு அதுதான் தோன்றியிருக்கிறது. என்னைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள், சரி. அவர்களை எந்த ஸ்டேஷனில் வைப்பீர்கள்?

இன்று காலை பிருந்தா என்னைப் பார்க்க வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள். நாங்கள் பேசியது உங்கள் ஏட்டுக்குப் புரிந்திருக்காது, வீட்டு பாஷை. அவள் படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "பூசின கருப்புக்கே ஜனம் இவ்வளவு விசில் அடிக்குதே. அந்தப் பொண்ணே நடிச்சிருந்தா ஓடியிருக்கும்தானேப்பா?" என்று கேட்டாள்.

"ஓடியிருக்காதும்மா" என்றேன். "பூசின கருப்பு வேற, பொறந்த கருப்பு வேற. ரெண்டாம் நாளே தியேட்டர்லருந்து படப்பெட்டியத் திருப்பி அனுப்பியிருப்பாங்க."

 "ஓடாதுன்னா அது தானா ஓடாமப் போயிருக்குமே. அப்புறம் எதுக்குப்பா அவளுக்கு அந்த டப்பாவக் குடுத்தீங்க?" என்றாள்.

 சாப்பாட்டுத் தூக்கை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன ஐயா. ஓடியிருக்கும். டெஸ்ட் ஷூட்டில் அவள் சிரித்தபோதே எனக்குத் தெரியும். மற்றதையெல்லாம் கோர்ட்டில் படியுங்கள், பேப்பரில் போடுங்கள். இதை மட்டும் என் மகளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.