ஞானத்தகப்பன் ஏறிய மணி

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற?” என்று எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. என் சுபாவம் தெரிந்தால்தான் மற்றது புரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எழுபத்துமூன்றாம் வருஷம் எங்கள் மாதா கோயிலுக்குப் புது மணி வந்தது. அதைக் கோபுரத்தில் ஏற்றுவதற்கு, பாப்பிரெட்டிப்பட்டியில் பாலம் கட்ட வந்திருந்த கிரேன் லாரியைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகளுக்குப் போலவே கோயில் மணிக்கும் ஞானஸ்நானம் உண்டு, அப்போது கூட நிற்க ஒரு ஞானத்தகப்பனும் உண்டு. இந்த மணிக்கு ஞானத்தகப்பன் என் பெரியப்பா யாகப்பன். என்னை வளர்த்தவரும் அவர்தான். மணி ஏறியதும் எனக்குப் பூ வைத்துக் கல்யாணத்தை உறுதி செய்வதற்காக மாப்பிள்ளையின் அக்கா ராஜமேரி தட்டோடு வந்திருந்தார். மாப்பிள்ளை, பெரியப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாய் வந்திருக்காது.

கிரேன் டிரைவர் மாயவன், லாரியின் இரும்புக் கால்களைத் தரையில் ஊன்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“தூக்கு, எறக்குன்னு எங்க கையாளு காளியப்பன் மட்டுந்தான் கை காட்டணுங்க. நிறுத்துன்னு மட்டும் யாரு வேணாலும் காட்டலாம். கையை மடக்கி ஒசத்துனா நிறுத்திப்புடுவேன். காட்டுனவங்களே விரிக்கற வரைக்கும் லீவரைத் தொட மாட்டேன்.”

வாயே இல்லாமல் பேசுகிற தொழில் ஒன்று இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கொக்கியில் மாட்டிய மணியின் மேல் பெரியப்பா ஏறி நின்றுகொண்டார்.

“ஆளு ஏறக்கூடாதுங்க” என்றார் மாயவன்.

“ஞானஸ்நானத்துல புள்ளையத் தனியா வுட்டுட்டுப் போற ஞானத்தகப்பன் எவனாச்சும் இருக்கானாய்யா? தூக்கு.”

பங்குச் சாமியார் வானத்தைப் பார்த்தார். மாயவன் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

பனைமர உயரம் போனபோது மணி சாய்ந்த மாதிரி எனக்குப் பட்டது. கையை மடக்கி உயர்த்தினேன். பாதுகாப்புக்காகத்தான். கிரேன் நின்றது.

சாயவில்லை என்றார் காளியப்பன். நானும் பார்த்தேன், சாயவில்லை. கையை விரிக்கவில்லை.

காற்று வந்தது. பெரியப்பாவின் இரண்டு கைகளும் கம்பி வடத்தைப் பிடித்திருந்ததால் வேட்டியைப் பிடிக்க ஆளில்லை. அது பெண்கள் பக்கமாக இறங்கியது. அவர் நடுங்க நடுங்க மணி தானாகவே அடித்தது. வயலில் இருந்தவர்கள் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று கால் கழுவிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“யாருடி அது, கையை வுடுடி” என்று மேலேயிருந்து கேட்டது. பெரியம்மா பாக்கியமேரி என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அந்த வீட்டுக்குத் தினமும் மாவாட்டுகிற கை, பிரியவில்லை. பெரியப்பாமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. மரியாதையோடுதான் நிறுத்தி வைத்திருந்தேன்.

என்னை அதுவரை பார்த்திராத ராஜமேரி, “ஆருங்க அந்தப் பொண்ணு?” என்றார்.

“உங்க தம்பிக்குப் பார்த்த பொண்ணுதானுங்க,” என்றார் பெரியம்மா, என் கட்டைவிரலை இழுத்துக்கொண்டே. “ரொம்ப அடக்கமான புள்ள.”

ராஜமேரி மேலே பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

கை மரத்துப்போய்விட்டது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். மரக்கவில்லை. அந்த அம்மாள் போகட்டும் என்று காத்திருந்தேன். பெரியப்பா விழுந்திருந்தாலும் காத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ராஜமேரி பூத்தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.