இருபதாவது சீட்டு

தேநீர் வேண்டாம் அம்மா. பதினொரு மணிக்கு மேல் நான் எதுவும் குடிப்பதில்லை. நாற்பது வருடப் பழக்கம். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் சொல்வதை எழுதும் எழுத்தரிடம், வார்த்தையை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள். மாற்றினால் கடைசியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முதலில் எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

எங்கள் குடியிருப்பில் நூற்றைம்பத்தெட்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு ஓட்டு. சங்கத் தலைவருக்குச் சம்பளம் கிடையாது. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது என்று திட்டு மட்டும் கிடைக்கும். சீட்டில் போட்டியிடுபவர்களின் பெயர்கள் அச்சிட்டிருக்கும். மிகவும் பிடித்தவர் பெயருக்கு எதிரே 1, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று எழுத வேண்டும். முதலில் 1-களை மட்டும் எண்ணுவோம். யாருக்காவது பாதிக்கு மேல் வந்தால் முடிந்தது. வராவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிடுவோம். அவருக்கு விழுந்த சீட்டுகளைத் தூக்கி எறிய மாட்டோம். ஒவ்வொன்றிலும் 2 யாருக்கு இருக்கிறதோ அவர் கணக்கில் சேர்ப்போம். யாருடைய ஓட்டும் வீணாகக் கூடாது என்பதுதான் இதன் நியாயம். இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். விதிகள் பதினான்கையும் எழுதியவனும் நான்தான்.

சீட்டை எண்ணும் அதிகாரி மட்டுமே தொடலாம். அவர் உரக்கப் படிப்பார். எதிரே உட்காரும் பார்வையாளர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வருவார். சந்தேகம் வந்தால் சீட்டைக் காட்டச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கதவு உள்ளே பூட்டியிருக்கும். பேனா, போன், பை எல்லாம் அதே அறையில் உள்ள இரும்பு அலமாரிக்குள் போய்விடும். சாவிகள் என் சட்டைப் பையில். எண்ணிக்கை முடியும்வரை இரண்டையும் திறப்பதில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேஜையை மூன்று முறை தட்டுவேன். வெளியே முற்றத்தில் காத்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி நேரத்து அவசரம் வேண்டாம் என்று பார்வையாளர் தான் கோடு போடும் தாளின் அடியில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவார். இது விதியில் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் அதைத் தவறென்று சொன்னதில்லை.

சங்கத்தின் முதல் தலைவர் என் அப்பா. அவருக்குப் பிறகு பதினெட்டு வருடம் நான். எங்களை எதிர்த்து யாரும் நின்றதே இல்லை. உறுப்பினர் பதவிகளுக்குத்தான் தேர்தல் நடக்கும், அதை நான் எண்ணுவேன். எழுபது வயதுக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று நானே போட்ட விதி என்னை இறக்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை. சங்க அறைச் சுவரில் அப்பா படமும் என் படமும் இருக்கின்றன. பக்கத்தில் மூன்றாவது ஆணியை நானே அடித்து வைத்தேன்.

என் மகன் ஒரே பிள்ளை. எங்கள் குடியிருப்பிலேயே மூன்றாவது மாடியில் மனைவியோடு தனியாக இருக்கிறான். வேட்புமனுவை நான் நீட்டியபோது தலை குனிந்து நின்றான்.

“அப்பா, எனக்கு இதெல்லாம் சரிப்படாதுப்பா. நாலு பேர் சத்தம் போட்டா எனக்குக் கை நடுங்கும். பல் டாக்டர் நிக்கிறாரே, அவர் நல்லா செய்வார். விட்டுடுங்களேன்.”

“கையெழுத்துப் போடு” என்றேன்.

போட்டான். என் பேச்சை அவன் தட்டியதில்லை.

பல் டாக்டர் நின்றார். மருந்துக்கடைக்கார அம்மாவும் நின்றார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நேர்மையானவர். மகன் நிற்பதால் நான் எண்ணாமல் விலகிக்கொள்கிறேன் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க எண்ணலைன்னா அது எண்ணிக்கையே இல்ல சார்” என்றார்கள். மருந்துக்கடை அம்மா மட்டும், பார்வையாளராக யார் உட்கார வேண்டும் என்பதைத் தான் சொல்ல அனுமதி கேட்டார். அவர் சொன்ன ஆள் என் சம்பந்தி, என் மருமகளின் அப்பா.

“அவர் உங்க சொந்தக்காரர்தான். ஆனா ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தப்ப சொந்தப் பொண்ணுகிட்டயே பிளாட்பாரம் டிக்கெட் கேட்ட மனுஷன். அவர் போதும் எனக்கு.”

கூட்டமே சிரித்தது. சம்பந்தி எழுந்து நின்று, “கேட்டேன். அவளும் எடுத்து வெச்சிருந்தா” என்றார். அவர் அப்படித்தான். எதையும் சிரிப்பாக்கிவிடுவார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உள்ளே போனோம். தேர்தலுக்காக அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், வாடை போகவில்லை. சம்பந்திக்கு ஆஸ்துமா. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஒருமுறை உறிஞ்சிவிட்டு, “இதை மட்டும் கையில வெச்சுக்கவா சம்பந்தி?” என்றார்.

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் சம்பந்தி.”

“நீங்க திருந்தவே மாட்டீங்க” என்று சிரித்துக்கொண்டே அதைத் திரும்பப் பைக்குள் போட்டார். பையை நான் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மேஜையிலிருந்து அலமாரி ஆறடி தூரம். நான் நிலம் அளக்கும் துறையில் இருந்தவன். தூரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

மொத்தம் நூற்று நாற்பது சீட்டு. வெற்றிக்கு எழுபத்தொன்று வேண்டும். முதல் சுற்றில் என் மகனுக்கு அறுபத்தொன்று, மருந்துக்கடை அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு, பல் டாக்டருக்கு இருபத்தேழு. மேஜையைத் தட்டினேன். வெளியே கைதட்டினார்கள். பல் டாக்டர் நீங்கினார். அவருடைய இருபத்தேழு சீட்டுகளில் பத்து என் மகனுக்கு வந்தால் போதும்.

இரண்டாவது சுற்றைத் தொடங்கினோம். ஒவ்வொரு சீட்டாக எடுத்து 2 யாருக்கு என்று படித்தேன். பத்தொன்பது சீட்டு முடிந்தபோது ஆறு என் மகனுக்கு, பதின்மூன்று அந்த அம்மாவுக்கு. அதுவரை படித்ததில் ஒரு பிழையும் இல்லை. அவன் அறுபத்தேழு, அவர் அறுபத்தைந்து.

இருபதாவது சீட்டை எடுத்தேன்.

என் மகன் 1 எழுதினால் மேலே ஒரு கொக்கியும் கீழே ஒரு கோடும் போடுவான். மூன்றின் தலையைத் தட்டையாக எழுதுவான். இரண்டாம் வகுப்பில் அடித்துத் திருத்தப் பார்த்தேன், மாறவில்லை. முதல் சுற்றில் அந்தச் சீட்டும் என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஆனால் அப்போது 1 எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்போம். எழுத்து கண்ணில் படாது. இப்போது பட்டது. பல் டாக்டருக்கு 1. மருந்துக்கடை அம்மாவுக்கு 2. தன் பெயருக்கு எதிரே, தட்டைத் தலையோடு, 3.

சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு முறை பார்த்தேன்.

“என்ன சம்பந்தி, நின்னுட்டீங்க? சிக்னல் விழலையா?” என்றார்.

நான் என் மகன் பெயரைப் படித்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக, இருப்பதை விட்டு இல்லாததைப் படித்தேன். என் குரல் மாறியிருக்க வேண்டும். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“ஒரு நிமிஷம். அதைக் காட்டுங்க.”

அது அவர் உரிமை. காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தார். மேஜையில் கையூன்றிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“இது நம்ம மாப்பிள்ளை எழுத்து! மாப்பிள்ளையே மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போடலையே சம்பந்தி! நீங்க வேற தப்பாப் படிச்சுக் காப்பாத்தப் பாக்குறீங்க. விடுங்க, அந்தப் பையன் பிழைச்சுப் போகட்டும். வெளிய போய்ச் சொன்னா அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

அவர் தமாஷுக்குத்தான் சொன்னார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பிறகு அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் தமாஷுக்குச் சொல்வதைத்தான் ஊர் மறக்காது. என் அப்பா படத்துக்குக் கீழே நின்று சிரிப்பார்கள். அவன் பிள்ளைகள் காலம்வரை சொல்வார்கள்.

சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. மூச்சை இழுக்கும்போது ஒரு விசில் சத்தம் வந்தது. முகம் மாறியது. கையை அலமாரிப் பக்கம் நீட்டினார்.

“சாவி” என்றார்.

“இந்தச் சுற்று முடியட்டும் சம்பந்தி” என்றேன்.

நான் கோபமாகச் சொல்லவில்லை. என் குரல் சாதாரணமாக இருந்தது. இதையும் சேர்த்து இன்னும் எட்டுச் சீட்டுதான் பாக்கி என்றும் சொன்னேன், அவருக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று.

இரண்டாவது முறையும் சாவி என்றார். மூன்றாவது முறை உதடு மட்டும் அசைந்தது. எழுந்து அலமாரிவரை போனார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், நல்ல பூட்டு. திரும்பி வந்து என் சட்டைப் பையைப் பிடிக்கப் பார்த்தார். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். அவரைத் தள்ளவில்லை. அவர் மேல் என் விரல்கூடப் படவில்லை. பிறகு அவர் உள்ளங்கையால் மேஜையைத் தட்டினார், வெளியில் யாருக்காவது கேட்கட்டும் என்று. ஒன்று, இரண்டு, மூன்று.

முற்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டுச் சீட்டைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். நான் பத்தொன்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தேன். உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. பாதியில் விசில் சத்தம் நின்றது. அவர் பென்சில் தரையில் உருண்டு கிடந்தது. அதை எடுத்து, அவர் போடுவது போலவே சற்றுச் சாய்வாகக் கோடு போட்டு அவருடைய தாளை நிரப்பினேன். கீழே அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. உண்மையில் அந்த எட்டில் இரண்டுதான் என் மகனுக்கு. ஆறு அந்த அம்மாவுக்கு. நான் ஆளுக்கு நான்கு என்று போட்டேன். எழுபத்தொன்று, அறுபத்தொன்பது. சீட்டுகளைப் பெட்டியில் போட்டு அரக்கு வைத்தேன். அவருடைய இன்ஹேலரை எடுத்து அவர் கைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்து ஆளைக் கூப்பிட்டேன். பல் டாக்டர்தான் முதலில் ஓடி வந்து நெஞ்சில் கையை வைத்து அழுத்தினார். அரை மணி நேரம் விடாமல் அழுத்தினார் பாவம்.

யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. மருமகள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அப்பா கடைசியா என்ன சொன்னார்?” என்றாள்.

“உன்னைப் பத்தித்தாம்மா சொன்னார்” என்றேன். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு ஆறுதல் வேண்டியிருந்தது.

என் மகன் பதவி ஏற்கவில்லை. பதினாறு நாள் துக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகும் ஏற்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை. ஒருநாள் மட்டும் படிக்கட்டில் நின்று, “அப்பா, நான் யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும். பல் டாக்டர் கட்சிக்காரங்க எல்லாரும் யாருக்கு ரெண்டு போட்டாங்கன்னும் ஓரளவு தெரியும். எப்படிப்பா வந்துச்சு எழுபத்தொண்ணு?” என்றான். தகப்பனைக் கணக்குக் கேட்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

சீட்டுகளை ஏன் கொளுத்தவில்லை என்று கேட்டீர்கள். முப்பது நாள் பாதுகாக்க வேண்டும் என்பது பன்னிரண்டாவது விதி. விதியை மீறுவது என் இயல்பில் இல்லை.

நேற்று, இருபத்தாறாவது நாள், மருந்துக்கடை அம்மா மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுத்தார். பதின்மூன்றாவது விதிப்படி மறு எண்ணிக்கை முற்றத்தில், எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்ட வேண்டும். நாளை காலை பத்து மணி. அவன் எழுத்து அவன் நண்பர்களுக்குத் தெரியும், அவன் மனைவிக்குத் தெரியும்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் எழுத வேண்டாம், அது பொய். ஒரு சாவு வழக்கின் தடயம் என்றால் அந்தப் பெட்டி இன்றைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும். முற்றத்தில் பிரிக்க மாட்டார்கள். தேர்தல் செல்லாது என்று அறிவித்து விடலாம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

சம்பந்தியை நான்தான் கொன்றேன். சாவி என் பையில் இருந்தது, அவர் மூன்று முறை கேட்டார், நான் கொடுக்கவில்லை. அதை எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பத்திரிகைக்கும் கொடுங்கள், என் பெயரை முழுதாக எழுதுங்கள். என் மகன் தன் பெயருக்கு எதிரே மூன்று போட்டான் என்பதை மட்டும் எங்கும் எழுதிவிடாதீர்கள் அம்மா. வெளியே தெரிந்தால் எங்கள் குடும்பத்துக்கு அது அசிங்கம்.