சந்தனம் பூசிய இரும்பு

ஜெயபாலன்: வாங்க வாங்க, இஞ்சினியர் தொரை! நடந்தா வந்தீங்க? ரயிலு அனுப்பலையா?

சேதுபதி: டேய் ஜெயபாலா, வெளையாடாத. உன்கிட்ட ஒண்ணு பேசணும்.

ஜெயபாலன்: பேசுங்க, கை கட்டிக்கிட்டுக் கேக்கறேன். நேத்து உங்கம்மா கிண்டின கேசரி அடுத்த ஊரு புக்கிட் காதில் வரைக்கும் மணந்துச்சாமே. பஸ் டிரைவரு வண்டிய நிறுத்திட்டு எறங்கி மோந்து பாத்தாராம்.

சேதுபதி: உனக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விட்டாங்கல்ல?

ஜெயபாலன்: இனிப்பு பத்தல.

சேதுபதி: கிண்ணம் கழுவி வச்ச மாதிரி வந்துச்சுன்னாங்க...

ஜெயபாலன்: அது பூனை.

சேதுபதி: சரி, கேளு. திங்கட்கிழமை நான் போய்க் கையெழுத்துப் போடணும்...

ஜெயபாலன்: நம்ம காஜா பெராங் ஊருல அது தெரியாத கோழி உண்டா? உங்கப்பா எடம் கெடச்ச கடுதாசிய சைக்கிள் கடையில முருகன் படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. பங்சர் ஒட்ட வர்றவன் மொதல்ல அதைக் கும்பிட்டாத்தான் டயரக் கழட்டறாரு!

சேதுபதி: அவரு அப்படித்தான்.

ஜெயபாலன்: "மெர்டேக்கா ஆகி, சுதந்திரம் வந்து மொத மெஷின் வகுப்பு! நம்ம ஸ்கூலுக்கு ஒரே எடம்! மூணு வருசம் படிச்சா பேக்டரி வேலை! எம் மவன்!" அவரு நெஞ்ச நிமித்தினதுல எங்க வீட்டுச் சுவரு ரெண்டு அங்குலம் சாஞ்சிருச்சு.

சேதுபதி: உனக்குப் பொறாமை.

ஜெயபாலன்: எனக்கா? போடா! நான் திங்கட்கிழமை மாமா கடையில மொளகா நிறுக்கப் போறேன். மூணு வருசம் தும்மினா மூக்காவது சுத்தமாகும். நீதான் பாவம். இரும்பு கடையற லேத் மெஷின் சும்மா விடுமா? சிங்கப்பூர்ல ஒருத்தன உள்ள இழுத்து, சுத்து சுத்துன்னு சுத்தி, போல்ட்டா வெளிய துப்பிச்சாம். நட்டு மாட்டித்தான் அடக்கம் பண்ணாங்களாம்.

சேதுபதி: அந்த மெஷினத்தானடா நீ நோட்டு முழுக்க படம் போட்டு வச்சிருந்த...

ஜெயபாலன்: அது அடுப்புக்குப் போயிருச்சு.

சேதுபதி: ...அதுக்குத்தான் வந்தேன். திங்கட்கிழமை நீ போ.

ஜெயபாலன்: எங்க?

சேதுபதி: மெஷின் வகுப்புக்கு.

ஜெயபாலன்: பிச்சை போடறியா?

சேதுபதி: பிச்சை இல்ல. அந்த எடம் உன்னோடது.

ஜெயபாலன்: ...என்ன சொன்ன?

சேதுபதி: அந்த வகுப்புப் பரீட்சைக்கு இரும்புக் கட்டை அராவினோமே...

ஜெயபாலன்: கையில காச்ச காப்பு இன்னும் உரியல. ஞாபகப்படுத்த வந்துட்டான்! எந்தப் பக்கம் பாத்தாலும் செங்கோணம் பாக்கற மூலைமட்டத்துக்கு நேரா நிக்கணும். உங்கப்பா கடையில ஒரே அரம். ரெண்டு பேரும் அதப் பிடுங்கிப் பிடுங்கி...

சேதுபதி: குடுக்கறதுக்கு மொத நாளு ஆயுத பூசை. அப்பா ரெண்டு கட்டையையும் சுத்தியல், ஸ்பேனரோட பலகையில வச்சுட்டாரு.

ஜெயபாலன்: பூசினாரே சந்தனம், தோசை மாவு மாதிரி! உள்ள இருக்கறது இரும்பா இட்லியான்னே தெரியல. அதைக் கழுவக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாரு. அப்படியே கொண்டு போய்க் குடுத்தா, வெள்ளைக்கார வாத்தியாரு "கேக்கா இது?"ன்னு கேட்டாரு!

சேதுபதி: நம்பர் குத்தறதுக்கு அவரே கழுவினாரு... சரி, அதை விடு. பலகையில எடது பக்கம் என்னுது, வலது பக்கம் உன்னுது. மறுநாள் நாம எடுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது.

ஜெயபாலன்: தொட்டா சாமி குத்தம்.

சேதுபதி: நான் தொட்டேன்.

ஜெயபாலன்: எப்ப?

சேதுபதி: விடிஞ்சதும், நீ வர்றதுக்கு முன்னாடி. வலது பக்கம் இருந்தத எடது பக்கம் வச்சேன், எடது பக்கம் இருந்தத வலது பக்கம். அப்பறம் எடது பக்கத்துக் கட்டைய எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்.

ஜெயபாலன்: ஏன்டா?

சேதுபதி: நீ அராவும்போது அப்பா உன்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. "கைன்னா இதுதான் கை"ன்னாரு. பெத்த மவன் பக்கத்துல நிக்கறேன்டா! வயிறு எரிஞ்சுது.

ஜெயபாலன்: என்னையா... அப்படிச் சொன்னாரு?

சேதுபதி: வாத்தியாரு நான் குடுத்த கட்டைய மூலைமட்டத்துல வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரே. நடுவுல ஒரு நூல் வெளிச்சம்கூட வரல. எல்லாரும் கை தட்டினாங்க. நீயும் தட்டின. ரெண்டு வாரமா எனக்குச் சோறு எறங்கல.

ஜெயபாலன்: இரு, இரு. ஒரே தடவைதான மாத்தின?

சேதுபதி: எத்தன தடவைடா மாத்துவாங்க!

ஜெயபாலன்: விடிஞ்சதுக்கு அப்பறம்தான? நல்லா யோசிச்சுச் சொல்லு.

சேதுபதி: ஆமாங்கறேன்ல! எழுந்திரு, ஹெட்மாஸ்டரு வீட்டுலதான் இருப்பாரு. எல்லாம் நானே சொல்லிடறேன். அடி விழுந்தா எனக்கு விழட்டும். நீ வாயே திறக்க வேணாம், சும்மா நின்னாப் போதும்.

ஜெயபாலன்: சும்மா நின்னாப் போதுமா...

சேதுபதி: போதும். எடம் உனக்கு. சட்டைய மாத்திக்கிட்டு வா. என்னடா இன்னும் ஒக்காந்திருக்க? சிரிக்கறியா, அழறியா?

ஜெயபாலன்: இந்த ரெண்டு வாரமும், ஜெயிச்சது என் கட்டைன்னு நெனச்சுத்தான்டா நான் வெந்துக்கிட்டு இருந்தேன். வெளிய சொல்லவும் முடியல.

சேதுபதி: ஜெயிச்சது உன் கட்டைதான்! அதான சொல்றேன்... இரு. உனக்கு எப்படித் தெரியும்? ஏன் வெளிய சொல்ல முடியல?

ஜெயபாலன்: பூசையன்னிக்கு சாயங்காலம் உங்கம்மா சுண்டல் குடுக்க, எல்லாரும் வாசலுக்கு ஓடினீங்கள்ல... அப்பவே நான் ஒரு தடவை மாத்திட்டேன்டா. மெக்கானிக் மவன் கட்டைதான் ஜெயிக்கும்னு நெனச்சேன். காலையில நீ மறுபடி மாத்தினதுல உன்னுது உன் கைக்கே வந்துருச்சு, என்னுது என் கைக்கே வந்துருச்சு. வாத்தியாரு தூக்கிப் பிடிச்சது உன் சொந்த வேலைதான்... போடா, போய்க் கையெழுத்தப் போடு. நான் மனசு மாறி சட்டைய மாத்திக்கிட்டு வர்றதுக்குள்ள போயிரு!