அறுந்திருக்குமா அந்த பெல்ட்?

இந்த மாலை வகுப்பைப் பதினோரு ஆண்டுகளாகப் பரிவோடும் பிடிவாதத்தோடும் நடத்திவரும் தலைவர் அவர்களே, சான்றிதழ் வழங்க வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, வேலை முடிந்த கையோடு முகம் கழுவக்கூட நேரமின்றி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தாங்களும் பாடம் படிக்க வந்த தாய்மார்களே, அம்மா மேடையேறுவதைப் பார்க்க வந்து நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் எனக்கான தலைப்பைத் தாளில் எழுதித் தந்தார். ‘ஆங்கிலத்தில் கற்பனை வாக்கியங்களை உறுதியோடு பேசுவது எப்படி?’ படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. கற்பனை என்கிறார், அடுத்த மூச்சில் உறுதி என்கிறார். நடக்காத ஒன்றைப் பற்றி உறுதி எங்கிருந்து வரும்? பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்ல யாரால் முடியும்?

கை தட்ட வேண்டாம். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘இப்படி நடந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும்’ என்பதற்கு ‘வுட்’ போட வேண்டும். ‘அப்படி ஆகியிருக்கலாம்’ என்பதற்கு ‘மைட்’ போட வேண்டும். இரண்டையும் கற்பிப்பேன், ஆனால் என் செல்லப்பிள்ளை எப்போதும் மைட்தான். அது யாரையும் மாட்டிவிடாது. என் தங்கை சொல்வாள், “அக்காகிட்ட மணி என்னன்னு கேட்டா, அஞ்சா இருக்கலாம்னு சொல்லும்.” கடிகாரம் நின்றுபோயிருக்கலாம் அல்லவா? சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் போய்ப் பாருங்கள்.

இப்படிப்பட்ட என்னிடம் இரண்டு ஆண்டுகள் படித்தவர் பெல்ட் அக்கா. அவர் இன்று வரவில்லை. “நீங்க என்னைப் பத்திப் பேசுறதை நானே உக்காந்து கேட்டா நல்லாவா இருக்கும் டீச்சர்? தாராளமா சொல்லிக்கோங்க, பேரை மட்டும் விட்டுடுங்க” என்றார். விட்டுவிட்டேன்.

கனரக இயந்திரங்களை ஏற்றி இறக்கும் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. கிரேன் கொக்கியில் இயந்திரத்தைக் கட்டித் தூக்க, உள்ளங்கை அகலத்தில் நெய்த பெல்ட்டுகள் உண்டு. தூக்குவதற்கு முன் ஒவ்வொரு பெல்ட்டையும் கையால் தடவி, கண்ணால் பார்த்து, ‘போகலாம்’ என்றோ ‘நிறுத்து’ என்றோ சொல்பவர் அவர். சொல்வது ஒற்றைச் சொல்தான். அந்தச் சொல்லுக்குக் கீழே நான்கு பேர் நிற்பார்கள். இடம் குறுகல், இயந்திரம் மேலே போகும்போது கயிறு பிடித்து அதைத் திருப்ப வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு நாள் காலை ஆறு டன் இயந்திரம் ஒன்று வந்தது. பெல்ட்டின் ஓரத்தில் விரல்நக அளவுக்கு ஒரு வெட்டு. அக்கா கையைத் தூக்கினார்.

கிரேன் ஓட்டுநர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “என்னக்கா, கொசு கடிச்ச மாதிரி இருக்கு, இதுக்குப் போயி நிறுத்துறீங்க?”

“கொசு கடிச்சா உள்நூல் வெளிய தெரியாது தம்பி. இறங்கி வந்து டீ குடி.”

அளவுக்கேற்ற வேறு பெல்ட் அங்கே இல்லை. இன்னொரு கிடங்கிலிருந்து வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கழித்த பெல்ட்டைப் போடும் சிவப்புத் தொட்டியிலிருந்து மேற்பார்வையாளர் அதை எடுத்து, பத்திரமாகத் தம் அறையில் வைத்துக்கொண்டார். மாலையே அக்காவின் கையில் நோட்டீஸ். தேவையின்றி வேலையை நிறுத்தியதற்கு விளக்கம் வேண்டும், ஆங்கிலத்தில் வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் வேலை போய்விடும். அதுவரை அவர் பெல்ட்டைத் தொடக் கூடாது.

விளக்கத்தை எழுதி என்னிடம் கொண்டுவந்தார். நடுவில் ஒரு வாக்கியம், கோடு போட்டது போல நேராக நின்றது: அன்று தூக்கியிருந்தால் அந்த பெல்ட் அறுந்திருக்கும். வுட். என் சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொண்டது. வுட்டை அடித்தேன், மைட் என்று எழுதினேன்.

“ஏன் டீச்சர் அடிச்சீங்க? இலக்கணம் தப்பா?”

“இலக்கணம் சரிதான். ஆனா அது அறுந்ததை நீங்க பாக்கலையே? நடக்காத விஷயம்தானே?”

“நடக்கலைங்கிறது நான் நிறுத்துனதாலதான் டீச்சர். நிறுத்துனவளே ‘அறுந்திருக்கலாம்’னு இழுத்தா, அப்புறம் எதுக்கு நிறுத்துனேன்னு கேக்க மாட்டாங்களா?”

பேனாவை மூடினேன். “உங்க விருப்பம்” என்றேன். வுட் என்றே அனுப்பினார்.

தலைமை அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? அதே பெல்ட்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியது. அதே ஆறு டன் இழுவையில் வைத்து இழுக்கச் சொன்னது. அக்காவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கவைத்தார்கள். ஒரு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

பெல்ட் அறவில்லை.

ஆமாம் அம்மா, அறவேயில்லை. நீங்கள் முகத்தைச் சுளிப்பது போலத்தான் அன்று அக்காவும் சுளித்திருப்பார். செய்தி கேட்டபோது எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘நான்தான் சொன்னேனே’ என்று ஒரு சின்ன சந்தோஷம். ஒருவருடைய வேலை போகப்போகிறது, எனக்கு என் சிவப்புப் பேனா ஜெயித்தது பெரிதாக இருந்தது. படிப்பு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

மூன்றாம் நாள் விசாரணை. மொழிக்கு உதவியாக ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள், நான் போனேன். கிடங்கு வாசலில் அக்காவின் கணவர் நின்றிருந்தார். “ஒரே ஒரு வார்த்தைம்மா. தப்பாக் கணிச்சுட்டேன், இனிமே பாத்து நடந்துக்கிறேன்னு சொல்லிடு. சின்னவ காலேஜ் முடிக்கிற வரைக்குமாவது” என்றார். அக்கா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே நடந்தார்.

நீள மேசை, நான்கு நாற்காலி, சுவரில் பெரிய திரை. திரையில் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி. நரைத்த தலை, அவசரமில்லாத குரல். அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: “பெல்ட் அறுந்திருக்கும் என்று எழுதினீர்கள். அது அறவில்லை. எழுதியதில் இன்னமும் உறுதியாக இருக்கிறீர்களா?”

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவருக்குத்தான் நிறுத்துவது தொழிலாயிற்றே.

“இல்லை. நான் எழுதியது தவறு. அறுந்திருக்கலாம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்” என்றார், தெளிவான ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

அதிகாரி விடவில்லை. “இந்தச் சோதனை முடிவு கையிலிருக்க, நாளை அதே பெல்ட் அதே பாரத்தோடு வந்தால் என்ன செய்வீர்கள்?”

வெளியே கணவர் நிற்கிறார். உள்ளே வேலை ஊசலாடுகிறது. மைட் என்ற மெத்தை விரித்தே கிடக்கிறது, விழுந்தால் அடிபடாது. ‘மறுபடி யோசிக்கலாம்’ என்றால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

“ஐ வுட் ஸ்டாப் இட்” என்றார் அக்கா.

மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, சோதனையிலேயே தாங்கிடுச்சு. இன்னும் என்னம்மா பிடிவாதம்?”

அக்கா அவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “சார், சோதனைக்கூடத்துல கீழ யாரும் நிக்கல. ஒரு தடவை தாங்குச்சு, ஒத்துக்கிறேன். அடுத்த தடவையும் தாங்கும்னு கீழ நின்னு சொல்லுங்க சார், ‘போகலாம்’னு நான் கையெழுத்துப் போடுறேன்.”

அதிகாரி அதை மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு சொல்லும் சிந்தாமல் மொழிபெயர்த்தேன். அவர் மேற்பார்வையாளரிடம் கேட்டார்: “நீங்கள் நிற்பீர்களா?”

மேற்பார்வையாளர் பேனாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: “ஐ மைட்.”

இருபத்திரண்டு ஆண்டுகள் நான் கற்பித்த சொல். அதன் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை அக்கா பழைய இடத்தில் நின்றார். நோட்டீஸ் ரத்தாகவில்லை, கோப்பில் அப்படியே இருக்கிறது. எழுதிய விளக்கத்தில் ஆதாரமற்ற உறுதி இருந்ததாக ஒரு குறிப்பும் சேர்ந்திருக்கிறது. அதுவும் நியாயம்தான் என்கிறார் அவர்.

இன்று சான்றிதழ் வாங்கும் என் மாணவர்களே, நாளை நேர்காணலில் உங்களையும் கேட்பார்கள், இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று. பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பாரத்தைப் பற்றிக் கேட்டால் சந்தேகப்படுங்கள். சோதனைக்கூடத்தை, புள்ளிவிவரத்தை, மேடையில் நின்று பேசும் என்னை, யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் வாக்கியம் ‘நான்’ என்று தொடங்கும்போது, அங்கே என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது? பெல்ட் என்ன செய்யும் என்பது பெல்ட்டுக்கே தெரியாது. நான் என்ன செய்வேன் என்பதை நான்தானே முடிவு செய்ய வேண்டும்? அதை இன்னொருவர் சோதித்துச் சொல்ல முடியுமா? இழுத்துப் பார்த்து அளந்து தர ஓர் இயந்திரம் உண்டா?

பின்வரிசையில் ஓர் அம்மா ஏதோ கேட்கிறார். சத்தமாகக் கேளுங்கள் அம்மா. “அன்னிக்கு நீங்க அந்த இடத்துல இருந்திருந்தா நிறுத்தியிருப்பீங்களா டீச்சர்?”

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன்.

வாசலில் லாரிகள் நிற்கும்போது, மேலேயிருந்து ஒருவர் சிரிக்கும்போது, நக அளவு வெட்டுக்காக நான் கையைத் தூக்கியிருப்பேனா? தூக்கியிருக்கலாம். அன்றைய என்னைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் பொய்.

நாளை அந்த இடத்தில் நின்றால்? நிறுத்துவேன்.

இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வயது நெருங்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கக் கூடாது என்றுதான் மேடையேறினேன். அழைத்த தலைவருக்கும், அமர்ந்து கேட்ட பெரியோருக்கும், நடுவில் எழுந்து போகாத பிள்ளைகளுக்கும், என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கும் நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன்.